துப்பாக்கியும் திரும்பும் வழியும்



அலாஸ்கா மாநிலச் சட்டத்தில் சிறு விமானங்களுக்கென்று ஒரு பிரிவு உண்டு. மாநிலத்துக்குள் விமானம் ஓட்டுகிறவர் ஆபத்துக் காலத்துக்காக எதையெதை ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்று அது பட்டியல் போடுகிறது. ஆளுக்கு ஒரு வாரம் உயிர் தாங்கும் அளவு உணவு, ஒரு கோடரி, முதலுதவிப் பெட்டி, தூண்டில் முள்ளும் நரம்பும், ஒரு கத்தி, நெருப்பு மூட்ட ஏதாவது ஒன்று, தலையை மூடும் கொசுவலை, புகைக்குண்டு மாதிரி தூரத்துக்குத் தெரியக்கூடிய அடையாளக் கருவிகள் இரண்டு. அக்டோபர் நடுவிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை இவற்றோடு பனியில் புதையாமல் நடக்கும் அகலக் காலணி, உறங்கு பை, கம்பளி. முன்பு இதே பட்டியலில் ஒரு கைத்துப்பாக்கியோ ரைஃபிளோ, அதற்கான தோட்டாக்களோடு இடம்பெற்றிருந்தது. பிறகு சட்டத்தைத் திருத்தியபோது துப்பாக்கியை நீக்கிவிட்டார்கள். கோடரியும் தூண்டிலும் கொசுவலையும் தங்கிவிட்டன. விரும்புகிறவர் துப்பாக்கி எடுத்துப் போகத் தடையில்லை, கட்டாயம்தான் போயிற்று. அமெரிக்காவிலேயே துப்பாக்கி மிக அதிகமாகப் புழங்கும் மாநிலங்களில் அலாஸ்கா ஒன்று. துப்பாக்கியின் மேல் வெறுப்புக் கொண்டவர்கள் செய்த திருத்தம் இது என்று யாரும் சொல்லிவிட முடியாது.

இந்தப் பட்டியலை முன்னால் வைத்துக்கொண்டுதான் பேச நினைக்கிறேன். வடக்கின் வனாந்தரத்தில் வாழ்வது, அங்கே வரக்கூடிய ஆபத்துக்குத் தயாராக இருப்பது என்ற பேச்சு எழுந்தால் பெரும்பாலும் முதலில் கேட்கப்படும் கேள்வி, ‘என்ன துப்பாக்கி வைத்துக்கொள்வது?’ என்பதுதான். அந்தக் கேள்வி தவறில்லை. அது நிற்கும் இடம்தான் தவறு. குறிபார்க்கக் கூடியதைத்தான் துப்பாக்கியால் சுட முடியும். வடக்கே மனிதரைக் கொல்லுகிறவற்றில் பெரும்பாலானவற்றைக் குறிபார்க்க முடியாது. 1971 ஜனவரி 23 அன்று அலாஸ்காவின் பிராஸ்பெக்ட் க்ரீக்கில் வெப்பம் உறைநிலைக்குக் கீழே 62 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியது. அந்தக் குளிரை எதை வைத்துச் சுடுவது? உறைபனி உருகிப் பெருகிய ஆறு, நனைந்த சட்டை, கணுக்காலில் ஒரு முறிவு, மூடிக்கொண்ட வானம், சொன்ன நாளில் வராத விமானம் என்று எதை எடுத்தாலும் இதே கதைதான். ஆபத்துக்குத் தயாராவது என்றால் முதல் வேலை திரும்பும் வழியை உறுதி செய்வது. துப்பாக்கி அதற்கு வெகு பின்னால் வருகிறது. பழகாத கையிலும் பூட்டாத வீட்டிலும் அதுவே இன்னொரு ஆபத்தாகவும் ஆகிவிடுகிறது. இதற்குச் சான்றுகள் என்ன, மறுப்புகள் என்ன என்று பார்க்கலாம்.

கார்ல் மெக்கன் என்ற புகைப்படக்காரரின் கதை அலாஸ்காவில் பலருக்கும் தெரிந்தது. எழுத்தாளர் ஜான் கிராக்கவர் தன் நூலில் எழுதிய பிறகு வெளியுலகுக்கும் தெரியவந்தது. 1981 மார்ச்சில் அவர் ஒரு சிறு விமானத்தை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு, அலாஸ்காவின் வடகிழக்கில் கோலீன் ஆற்றுப் பக்கமுள்ள ஓர் ஏரிக்கரையில் போய் இறங்கினார். கோடை முடியும்வரை தங்கிப் படமெடுப்பது திட்டம். கூடப் போனவை 500 ஃபிலிம் சுருள்கள், ஏறக்குறைய 630 கிலோ உணவும் தளவாடமும், இரண்டு ரைஃபிள்கள், ஒரு ஷாட்கன். தயாரிப்பில் குறை சொல்ல முடியாத மனிதர் என்றுதான் தோன்றும். ஆனால் ஆகஸ்டில் தன்னை அழைத்துப்போக ஒரு விமானத்தை அவர் உறுதியாக ஏற்பாடு செய்திருக்கவில்லை. ஷாட்கன் தோட்டாக்களிலும் பெரும்பகுதியை, இத்தனை எதற்கு என்று கோடையிலேயே தூக்கி எறிந்துவிட்டிருந்தார். ஆகஸ்டு வந்தது, விமானம் வரவில்லை. காட்டில் உணவு கிடைப்பதும் குறைந்தது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் கவனிக்க வேண்டிய பகுதி. நண்பர்கள் கவலைப்பட்டுச் சொன்னதன்பேரில் மாநிலக் காவல்துறையின் விமானம் ஒன்று செப்டம்பரில் அவர் கூடாரத்தின் மேல் வந்து வட்டமடித்தது. மெக்கன் உறங்கு பையின் ஆரஞ்சு நிற உறையை வீசினார், மகிழ்ச்சியில் ஒரு கையை உயர்த்தி முஷ்டியை ஆட்டினார். விமானம் போய்விட்டது, திரும்பவில்லை. சில நாள் கழித்துத் தன் வேட்டை உரிமச் சீட்டைத் திருப்பிப் பார்த்தபோது அதன் பின்பக்கத்தில் வானத்துக்குக் காட்டும் சைகைகள் அச்சாகியிருந்தன. ஒரு கையை உயர்த்தினால் ‘எல்லாம் நலம், காத்திருக்க வேண்டாம்’. இரண்டு கைகளையும் உயர்த்தினால் ‘உதவி வேண்டும்’. அந்தச் சீட்டு அவ்வளவு நாளும் அவரிடமேதான் இருந்தது. நவம்பரில் உணவு முற்றிலும் தீர்ந்தது. பிறகு அவர் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். உடலும் நாட்குறிப்பும் அடுத்த பிப்ரவரியில் கிடைத்தன. ஆயுதம் போதவில்லை என்று இந்த மரணத்துக்குக் காரணம் சொல்ல முடியுமா? எறிந்த தோட்டாக்கள் இருந்திருந்தால் சில வாத்துகள் கூடுதலாகக் கிடைத்து, சில வாரங்கள் நீண்டிருக்கும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இரண்டு கைகளை உயர்த்தியிருந்தால் செப்டம்பரிலேயே வீட்டில் இருந்திருப்பார்.

அதைவிடப் புகழ்பெற்றது கிறிஸ் மெக்காண்ட்லஸின் கதை. 1992 ஏப்ரல் இறுதியில், டெனாலி தேசியப் பூங்காவின் வடக்கே ஸ்டாம்பீட் தடத்தில் நாலைந்து கிலோ அரிசியோடும் ஒரு .22 ரைஃபிளோடும் நுழைந்தார். கைவிடப்பட்ட ஒரு பழைய பேருந்தில் தங்கினார். அந்தச் சிறு ரைஃபிளால் அணில், முள்ளம்பன்றி, பறவைகளைச் சுட்டுத் தின்று பல வாரம் தாக்குப்பிடித்தார். ஜூனில் ஒரு மூஸ் மானையே வீழ்த்தினார். அதாவது துப்பாக்கி தன் வேலையைச் செய்தது. அந்த மலையளவு இறைச்சியை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. அலாஸ்காவில் அனுபவப்பட்டவர்கள் இறைச்சியை மெல்லிய கீற்றுகளாக அரிந்து பரண் கட்டிக் காற்றில் உலர்த்துவார்கள். அவர் புகையூட்டப் பார்த்தார், இறைச்சியில் புழு வைத்துவிட்டது. ஜூலையில் வெளியேற முயன்றபோது, வந்த வழியில் எளிதாகக் கடந்த டெக்லனிகா ஆறு பெருக்கெடுத்து ஓடியது. ஆற்றுக்குக் குறுக்கே கம்பியில் தொங்கும் கூடை ஒன்று கொஞ்ச தூரத்திலேயே இருந்தது. அதைக் காட்டியிருக்கக்கூடிய வரைபடம் அவரிடம் இல்லை. திரும்பிப் பேருந்துக்கே போனார், ஆகஸ்டில் இறந்தார். பின்னாளில் அந்தப் பேருந்தைத் தரிசிக்கப் போனவர்களில் 2010இல் ஒருவரும் 2019இல் ஒருவரும் உயிரிழந்தார்கள். இருவரையும் கொண்டுபோனது அதே ஆறுதான். கடைசியில் 2020 ஜூனில் பேருந்தையே ஹெலிகாப்டரில் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மெக்காண்ட்லஸைத் துறவியென்று கொண்டாடுகிறவர்களும் முட்டாளென்று ஏசுகிறவர்களும் இன்றும் சண்டை போடுகிறார்கள். எனக்கு இரண்டிலும் ஆர்வமில்லை. அந்தக் கம்பிக் கூடைதான் எனக்கு முக்கியம்.

இங்கே ஒரு மறுப்பு எழும், எழவும் வேண்டும். ‘இவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள். அந்த மண்ணிலேயே வாழ்கிறவர்களைக் கேளுங்கள். துப்பாக்கி இல்லாமல் ஒரு குடும்பம் குளிர்காலத்தைத் தாண்டுமா?’ நியாயமான கேள்வி. கிராமப்புற அலாஸ்காவில் கடைப் பொருள்கள் விமானத்திலும் படகிலும் வந்து சேர வேண்டும், விலை கடுமை. மூஸ், காரிபூ, சீல் வேட்டை அங்கே பொழுதுபோக்கு இல்லை, சோறு. அந்த ரைஃபிளைப் பற்றி நகரத்தில் உட்கார்ந்து உபதேசம் செய்வது அபத்தம். ஆனால் அந்த மக்களின் வாழ்க்கையையே கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கிராமப்புற அலாஸ்காவினர் இயற்கையிலிருந்து எடுக்கும் உணவின் மொத்த எடையில் பாதிக்கு மேல் மீன். கோடையில் சால்மன் ஏறும் சில வாரங்களில் வலையும் ஆற்றோட்டத்தில் சுழலும் மீன்சக்கரமும்தான் குளிர்காலத்துக்கான சாப்பாட்டைச் சேர்க்கின்றன. வெட்டி, கீறி, பரணில் தொங்கவிட்டு, புகைக் குடிசையில் பதப்படுத்துகிற வேலையில் வீட்டிலுள்ள எல்லாரும் இறங்குகிறார்கள். இன்னொன்று, கொழுப்பில்லாத இறைச்சியை மட்டும் தின்று மனிதன் வாழ முடியாது. வயிறு நிறைய முயல்கறி தின்றும் நலிந்து சாகும் நிலையை வடபுலத்தார் நெடுங்காலமாக அறிவார்கள், அதற்கு ‘முயல் பட்டினி’ என்றே பெயர். சீல் எண்ணெய்க்கும் மீன் கொழுப்புக்கும் அங்குள்ள மரியாதை இதனால் வந்தது. சுடத் தெரிவது அந்த அறிவின் ஒரு கிளை. அடிமரத்தை விட்டுவிட்டுக் கிளையை மட்டும் ஒடித்துக்கொண்டு போனால் அது அங்கே துளிர்ப்பதில்லை.

அடுத்து கரடி. துப்பாக்கிக்காக வாதாடுகிறவர்களின் வலுவான வாதம் இதுதான். இதற்கு ஊகம் வேண்டியதில்லை, தரவு இருக்கிறது. பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் டாம் ஸ்மித்தும் கால்கரி பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் ஹெரேரோவும் சக ஆய்வாளர்களோடு அலாஸ்காவில் நடந்த மனித–கரடி மோதல்களைத் தொகுத்தார்கள். 2008இல் வெளிவந்த முதல் ஆய்வு, மிளகாய்ச் சாறு அடைத்த கரடி ஸ்ப்ரே பயன்பட்ட 83 சம்பவங்களைப் பார்த்தது. பழுப்புக் கரடிகளின் வேண்டாத நடத்தையை 92 சதவீதமும் கருங்கரடிகளுடையதை 90 சதவீதமும் ஸ்ப்ரே தடுத்திருந்தது. ஸ்ப்ரே வைத்திருந்தவர்களில் 98 சதவீதம் பேர் காயமின்றித் தப்பினார்கள். 2012இல் வந்த இரண்டாம் ஆய்வு, 1883 முதல் 2009 வரை துப்பாக்கி சம்பந்தப்பட்ட 269 சம்பவங்களை எடுத்துக்கொண்டது. கைத்துப்பாக்கி 84 சதவீதமும் நீளத் துப்பாக்கி 76 சதவீதமும் பலித்திருந்தன. என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது அடுத்த வரி. நெருக்கத்தில் கரடியைச் சந்தித்தபோது துப்பாக்கியைச் சுட்டவர்களும், கையில் இருந்தும் சுடாதவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் காயப்பட்டிருந்தார்கள். ஏன் பலிக்கவில்லை என்பதற்கு ஆய்வு தரும் காரணங்கள் பெரும்பாலும் மனிதக் காரணங்கள்: நேரம் போதவில்லை, குறி தவறியது, தோட்டா சிக்கியது, பாதுகாப்புப் பூட்டை விடுவிக்க முடியவில்லை, மறுபடி நிரப்புவதற்குள் கரடி மேலே வந்துவிட்டது.

இந்த எண்களை வைத்துக்கொண்டு ஆட்டம் போடுவதும் சரியில்லை. இரண்டு ஆய்வுகளும் ஒரே தராசில் நிறுத்தவில்லை. ஸ்ப்ரே சம்பவங்களில் வெறும் ஆர்வத்தில் நெருங்கி வந்த கரடிகளும் உண்டு. துப்பாக்கிப் பதிவுகளில் சீறிப் பாய்ந்தவை அதிகம் இருக்க வாய்ப்புண்டு. ஒரே குண்டில் முடிந்த கதையை யாரும் அலுவலகத்தில் போய்ப் பதிவு செய்யாமலும் இருந்திருக்கலாம். எனவே ஸ்ப்ரே துப்பாக்கியைவிட இத்தனை சதவீதம் மேல் என்று கழித்துப் பார்ப்பது தப்புக் கணக்கு. காற்று எதிர்த்து அடித்தால் ஸ்ப்ரே என்னாகும் என்று கேட்பார்கள். காற்று இடைஞ்சல் செய்த சம்பவங்கள் சுமார் 7 சதவீதம்தான், அவற்றிலும் மருந்து கரடியைப் போய்ச் சேர்ந்தது என்கிறது முதல் ஆய்வு. கடுங்குளிரில் டப்பாவின் அழுத்தம் குறையும் என்பது உண்மை. இத்தனையையும் கழித்த பிறகும் ஒன்று மிஞ்சுகிறது: கரடிக்கு முன்னால்கூடத் துப்பாக்கி, வைத்திருப்பதாலேயே காப்பாற்றும் தாயத்து ஆகவில்லை.

இதை ஸ்வால்பார்டில் நடந்த ஒரு சம்பவம் மிகக் கிட்டத்தில் காட்டுகிறது. நார்வேயின் வடக்கே, துருவத்தை ஒட்டிய தீவுக்கூட்டம் அது. 2011 ஆகஸ்டு 5 அன்று, ஃபோன் போஸ்ட் பனியாற்றருகே முகாமிட்டிருந்த பிரிட்டிஷ் மாணவர் குழுவின் கூடாரங்களுக்குள் பசித்த துருவக் கரடி ஒன்று புகுந்தது. முகாமைச் சுற்றி, மிதித்தால் வெடிக்கும் எச்சரிக்கைக் கம்பி கட்டியிருந்தார்கள், அது வெடிக்கவில்லை. இரவுக் காவலுக்கும் ஆள் நிறுத்தவில்லை. ரைஃபிள் இருந்தது, பழைய மௌசர் வகை. அந்தத் துப்பாக்கியின் பாதுகாப்புப் பூட்டுக்கு மூன்று நிலைகள். நடு நிலையில் வைத்தால் போல்ட்டை இழுக்கலாம், தள்ளலாம். விசையை அழுத்தினால் சுடாது. குழுத்தலைவர் போல்ட்டை இழுத்து இழுத்துப் பார்த்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு தோட்டா சுடப்படாமலே வெளியே விழுந்தது. அவரையும் கரடி தாக்கியது. கடைசியில் தரையில் கிடந்த தோட்டாக்களில் ஒன்றைப் பொறுக்கிப் போட்டுச் சுட்டார், கரடி விழுந்தது. அதற்குள் 17 வயது மாணவர் ஒருவர் இறந்திருந்தார், நான்கு பேர் படுகாயம் அடைந்திருந்தார்கள். அந்தத் தலைவரைக் குறை கூறுவது எளிது, நியாயமும் ஆகாது. ரைஃபிள் இல்லாதிருந்தால் அன்று இறந்தவர்களின் எண்ணிக்கை கூடியிருக்கும். துப்பாக்கியே வேண்டாம் என்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் அதுதான். கம்பி வெடித்து, காவலுக்கு ஒருவர் விழித்திருந்து, அந்த நடு நிலை விரலுக்குப் பழகியிருந்தால் என்னாகியிருக்கும் என்பது, துப்பாக்கி இருந்தாலே போதும் என்பவர்களுக்கு.

ஸ்வால்பார்டு நிர்வாகம் இதில் தெளிவாக இருக்கிறது. ஊர் எல்லைக்கு வெளியே போகிறவர் கரடியை விரட்டத் தக்க சாதனத்தோடு போக வேண்டும் என்பது சட்டம், துப்பாக்கியும் வைத்துக்கொள்ளும்படி அறிவுரை. ஆனால் லாங்இயர்பியன் ஊருக்குள் தோட்டா நிரப்பிய துப்பாக்கியோடு நடக்கக் கூடாது, கடை வாசலில் துப்பாக்கிக்குத் தடை என்று பலகை மாட்டியிருக்கும். அங்குள்ள பல்கலைக்கழக மையத்தில் சேருகிற மாணவருக்குச் சுடும் பயிற்சியும் ஒளிக்குண்டுத் துப்பாக்கிப் பயிற்சியும் உண்டு. துருவக் கரடி 1973 முதல் பாதுகாக்கப்பட்ட விலங்கு, ஒன்றைச் சுட்டுக் கொன்றால் ஆளுநர் அலுவலகம் விசாரிக்கும். 1971 முதல் 2020 வரையிலான அரை நூற்றாண்டில் அங்கே கரடியால் இறந்தவர்கள் ஆறு பேர். 2015 டிசம்பர் 19 காலை, துருவ இரவின் இருட்டில், ஊரை ஒட்டிய மலைச்சரிவிலிருந்து சரிந்த பனி பதினோரு வீடுகளை நகர்த்தி ஒரே நாளில் இருவரைக் கொன்றது. தப்பியவர்களைக் காப்பாற்றியவர்கள் பனி அள்ளும் மண்வாரிகளோடு ஓடிவந்த அக்கம்பக்கத்தார்.

‘விலங்கை விடுங்கள், மனிதரை என்ன செய்வது?’ என்பது இன்னொரு மறுப்பு. இதை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2019இல் ஆங்கரேஜ் டெய்லி நியூஸ் பத்திரிகையும் புரோபப்ளிகா செய்தி நிறுவனமும் சேர்ந்து நடத்திய புலனாய்வு, அலாஸ்காவில் மூன்றில் ஓர் ஊருக்கு உள்ளூர்க் காவலர் எவருமே இல்லை என்று காட்டியது; அதற்கு அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது. வானிலை கெட்டால் காவல்துறை வந்து சேர நாள்கணக்காகும். அப்படிப்பட்ட ஊரில் தனியாக வாழும் ஒரு பெண் துப்பாக்கி வைத்துக்கொள்ள விரும்பினால் அதை மறுத்துப் பேச எனக்கு வாய் வராது. ஆனால் அந்தப் புலனாய்வு அம்பலப்படுத்திய வன்முறையில் பெரும்பங்கு வீட்டுக்குள்ளும் தெரிந்தவர்களாலும் நடப்பது. அங்கே துப்பாக்கி யார் கைக்கு முதலில் எட்டும் என்பது நிச்சயமில்லை. வெளி வன்முறைக்கு மெக்கார்த்தி என்ற சிற்றூரைப் பாருங்கள். 1983 மார்ச் 1, தபால் விமானம் வரும் நாளில், அங்கேயே வசித்துவந்த ஒருவன் ஊரில் இருந்த இருபது சொச்சம் பேரில் ஆறு பேரைச் சுட்டுக் கொன்றான். காயத்தோடு தப்பிய ஒருவரைச் சிறு விமானத்தில் ஏற்றிக்கொண்டு போய்த் தகவல் சொன்னார்கள். ஹெலிகாப்டரில் வந்த காவலர்கள் அவனை அன்றே பிடித்தார்கள். அந்த ஊரின் மிச்சத்தைக் காத்தது செய்தி வெளியே போனதுதான்.

செய்தி என்றதும் இன்று உள்ளங்கை அளவுச் செயற்கைக்கோள் கருவிகள் இருக்கின்றன. மெக்கனிடம் அப்படி ஒன்று இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. குளிரில் பேட்டரி சாகும், மோசமான வானிலையில் ஹெலிகாப்டர் பறக்காது என்று ஆட்சேபிப்பார்கள், சரிதான். அதனால்தான் அதற்கும் முன்னால் ஒரு துண்டுச் சீட்டு வேண்டும்: எங்கே போகிறேன், எந்த வழியில், எந்தத் தேதிக்குள் திரும்புவேன், திரும்பாவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும். பொறுப்பான ஒருவரிடம் அதைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அதற்குப் பேட்டரி தேவையில்லை, காசும் தேவையில்லை.

கடைசியாக, துப்பாக்கி வீட்டுக்குள் இருக்கும் நாள்கள். அவைதான் எண்ணிக்கையில் அதிகம். அமெரிக்காவில் தற்கொலை விகிதம் மிக உயர்ந்த மாநிலங்களில் அலாஸ்கா தொடர்ந்து இருந்துவருகிறது. அங்கே துப்பாக்கியால் நேரும் சாவுகளில் பெரும்பான்மை தற்கொலைதான், கரடியோ கொள்ளையனோ சம்பந்தப்பட்டதில்லை. பூர்வகுடி இளைஞர்களை இந்தத் துயரம் கூடுதலாகத் தாக்குகிறது. நீண்ட இருட்டு, தனிமை, குடி, வேலையின்மை, தலைமுறை தலைமுறையாக வந்த காயங்கள் என்று காரணங்கள் பல. ஆனால் அந்த எண்ணம் உச்சத்தில் இருப்பது பலருக்குச் சில நிமிடங்களே என்பதையும், அந்த நிமிடங்களில் கைக்கெட்டுவது எது என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது என்பதையும் மனநல ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ஆபத்துக்குத் தயாராக இருக்கிறேன் என்று தோட்டா நிரப்பிக் கதவோரம் சாய்த்துவைத்த ரைஃபிள், தயாரிப்பின் பேரால் வீட்டுக்குள் வைத்த ஆபத்து.

‘பூட்டிய பெட்டியைத் திறப்பதற்குள் கரடி வந்துவிட்டால்?’ என்று கேட்பார்கள். வீட்டுக்குள் இருக்கிற மனிதனுக்குச் சுவரும் கதவும் அந்த அரை நிமிடத்தைத் தருகின்றன. வெளியே கிளம்பும்போது பெட்டியைத் திறந்து எடுத்துக்கொள்ளப் போகிறான். வேட்டைக்காரர்கள் இதற்கு இசைவார்களா என்ற சந்தேகத்துக்கும் விடை உண்டு. டேவிட் கிராஸ்மனும் சக ஆய்வாளர்களும் அலாஸ்கா பூர்வகுடிகளின் ஆறு கிராமங்களில் துப்பாக்கி உள்ள 255 வீடுகளை எடுத்துக்கொண்டு நடத்திய சோதனை 2012இல் வெளியானது. தொடக்கத்தில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்ட வீடுகளில் பூட்டாத துப்பாக்கி இருந்தது. யாரிடமிருந்தும் எதையும் பறிக்கவில்லை. குலுக்கல் முறையில் பாதி வீடுகளுக்கு முதலில் பூட்டும் இரும்பு அலமாரியைக் கொண்டுபோய்ப் பொருத்தினார்கள். ஓராண்டு கழித்துப் போய்ப் பார்த்தபோது அலமாரி பெற்ற வீடுகளில் பூட்டாத துப்பாக்கி இருந்தவை 35 சதவீதமாகக் குறைந்திருந்தன, பெறாத வீடுகளில் 89 சதவீதம். அதன் பிறகு மற்ற வீடுகளுக்கும் அலமாரி போய்ச் சேர்ந்தது.